ஏலக்காய் வாசத்தோடு வந்தவர்

பத்துப் பன்னிரண்டு வருஷம் எனக்கு ஒரே கவலைதான். என்னைப் பெண் பார்க்க வந்த மனுஷன் எங்கே போனார் என்ற கவலை.

எண்பத்து நாலு, தை மாதம். வத்திராயிருப்பில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்திருந்தோம். வீட்டார் என்றாலும் மூன்றே பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. சொந்த ஊர் சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள்ளே எங்கேயோ இருக்கிறது, அங்கே இப்போது சொந்தபந்தம் யாரும் இல்லை, ஒத்தைப் பிள்ளை என்று தரகர் சொன்னார்.

என் அப்பாவுக்குக் குடி என்றால் ஆகாது. குடித்தவன் வாசல்படி மிதித்தால் அந்தப் படியைக் கழுவிவிடச் சொல்கிற ஆள். வீட்டுக்கு எந்த ஆம்பிளை வந்தாலும் தோளில் கை போட்டு, முகத்தோடு முகம் வைத்துக் குசலம் விசாரிப்பார். விசாரிப்பு எல்லாம் சும்மா, மோந்து பார்க்கத்தான். "பத்தடியிலேயே கண்டுபிடிச்சிருவேன்" என்று பெருமை வேறு. நாள் முழுக்க மூக்குப்பொடி போட்டுப்போட்டு அவர் மூக்கு செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வந்தவரைத் தோளோடு அணைத்து மூச்சை இழுத்த அப்பா, எங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு அந்த மனுஷன் பேச ஆரம்பித்தார். கேசரியைத் தின்றுவிட்டு, "அத்தை, இதுல முந்திரிய எண்ணிப் போட்டீகளா, கண்ணை மூடிட்டுப் போட்டீகளா?" என்று அம்மாவையே கேலி செய்தார். அப்பா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காபி டம்ளரை நான் நீட்டியபோது இடது கையால் வாங்கப் போனார், அவருடைய அம்மா தொடையில் தட்டியதும் கையை மாற்றிக்கொண்டார். "நொட்டாங்கை முந்திக்கிட்டு வருதுத்தா, அதுக்கும் உன்னைப் பிடிச்சிருக்கும் போல" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்று சொன்னேன், வேறு எதற்காகவும் இல்லை.

சித்திரையில் கல்யாணம். மேடையில் கூட என் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். மறுவீடு எல்லாம் முடிந்து ராஜபாளையத்தில் குடித்தனம் தொடங்கியது. முதல் நாள் காலையில் ஒரு ஆள் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்து, தரையைப் பார்த்தபடி, "இந்தா, காபி" என்று கேட்டார்.

அதுதான் அன்றைக்கு அவர் பேசிய முழுப் பேச்சு. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. மில்லுக்குப் போவார், வருவார், சட்டையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டுக் குளிப்பார், சாப்பிடுவார், ஜன்னல் பக்கம் உட்காருவார். அடிதடி கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது. நான் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நல்லவர்தான். ஆனால் கல் மாதிரி ஒரு நல்லவர். நான் கொஞ்சம் வாயாடி. சுவரோடு எத்தனை நாள்தான் பேசுவது?

வைகாசி முடிவில், மில்லில் கூட வேலை பார்க்கிறவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். நான் பட்டுச்சேலை கட்டித் தயாராக நின்றேன். இவர், "செத்த நேரத்துல வாரேன்" என்று வெளியே போனார். அரை மணி கழித்து வந்தவர் வாசலிலேயே, "ஏட்டி! கல்யாணப் பொண்ணு நீயா அவளா? இப்படி வந்து நின்னா மாப்ளை குழம்பிரப் போறான்!" என்றார்.

அதே குரல். அதே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் வந்தபோது ஏலக்காய் வாசமும் அதற்கு அடியில் வேறு ஒரு வாசமும் வந்தன. குடித்திருக்கிறார் என்று புரிந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பாவின் மகளாக அழுதிருக்க வேண்டும், சேலையை அவிழ்த்துப் போட்டுப் படுத்திருக்க வேண்டும். நான் செய்ததோ, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கதையை ஆரம்பித்தார். "எங்க ஊர்ல ஒரு கமலைக் கெணறு. நானும் அவனும் மத்தியானம் ஆச்சுன்னா அங்கதான் கெடப்போம். நான் முங்குனா அடிச் சகதியை அள்ளிட்டுத்தான் வருவேன். அவன் படியிலேயே உக்காந்திருப்பான். பயந்தாங்கொள்ளிப் பய." அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. மண்டபத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தார். இடது கையால் சந்தனம் எடுத்துப் பூசினார். திரும்பி வந்து தூங்கி எழுந்தவர் பழையபடி, "இந்தா, காபி" என்றார்.

"அந்தக் கெணத்துல அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் கெணறு?" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

இப்படித்தான் எங்கள் வாழ்க்கை போனது. சாதாரண நாளில் ஒரு சொட்டு தொடமாட்டார். நாலு பேர் கூடுகிற இடத்துக்குக் கிளம்பினால்தான் குடிப்பார்: கல்யாணம், காதுகுத்து, ஆடிப்பூரத் தேர், எங்கள் அப்பா வீடு. ஆக, எங்கள் வீட்டார் பார்த்ததெல்லாம் சிரிக்கிற மாப்பிள்ளையை மட்டும்தான். போகிற இடமெல்லாம், "கொடுத்து வச்சவ" என்று என்னைச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். தெலுங்கு பேசுகிறவள், ஆத்திரம் வந்தால் இரண்டு பாஷையிலும் வைவாள். அவள் புருஷன் விசேஷத்துக்குப் போகும்போது ஒழுங்காகப் போய், வரும்போது குடித்துவிட்டு வருகிற ஆள். "உன் ஆளு போகும்போதே குடிச்சிட்டுப் போறாரு, ஊர் முன்னால மானம் போகாதாம்மா?" என்பாள். "உங்க ஆளு திரும்பி வந்து வாசல்ல உருளுறாரே, அதுல மானம் வருதாக்கா?" என்பேன். எது மோசம் என்று குழாயடியில் நாங்கள் வாதாடாத நாள் கிடையாது. எனக்கு அந்த மனுஷன் வேண்டியிருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சில விஷயங்கள் எனக்கு உறுத்தத் தொடங்கின. நான்கு மாதம் கழித்து இன்னொரு விசேஷத்துக்குப் போகும்போது, பஸ் கிளம்பியதும், நடுவில் ஒரு நாளும் போகாதது மாதிரி, "அப்பறம் ஏட்டி, அடியில போய்க் கண்ணைத் தொறந்து மேல பாத்தேன்" என்றார். "வானம் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாத் தெரியுது. அதுல ரெண்டு காலு. அவன் படியில உக்காந்து தண்ணிக்குள்ள காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கிட்டு இருக்கான்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

கல்யாணப் போட்டோவிலும் ஒரு சிக்கல் இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்ததை ஒருநாள் தூசி தட்டும்போது கவனித்தேன். வீட்டில் இவர் வலது கையால் சீவுவார், வகிடு இடது பக்கம் இருக்கும். போட்டோவில் வகிடு வலது பக்கம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துவிட்டான் என்று கோபம் வந்து, போட்டோவைக் கழற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போய்ச் சத்தம் போட்டேன். ஸ்டுடியோக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, படத்துல உங்க மாராப்பு எந்தத் தோள்ல இருக்கு?" என்றார். இடது தோளில்தான் இருந்தது. "திருப்பிப் போட்டிருந்தா அது வலது தோளுக்குப் போயிருக்குமேம்மா" என்றார். போட்டோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த விசேஷத்தில் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். குடித்துவிட்டு வந்தவர் கண்ணாடி முன்னால் நின்று, இடது கையால் சீப்பை எடுத்து, வகிட்டை வலது பக்கம் மாற்றிச் சீவினார். கொஞ்சமும் தடுமாறவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே சீவி வந்த கை மாதிரி இருந்தது.

எங்களோடு இருந்த என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்து ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். அதிகம் பேசமாட்டார். மகனைச் சாதாரண நாளில், "ஏலே, சாப்பிடு" என்பார். குடித்த அன்றைக்கு மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, அவர் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்து, "வந்துட்டியா பெரியவனே" என்பார். கடலைப்பருப்பை வறுத்து உப்பும் மிளகாயும் போட்டுக் கிண்ணத்தில் வைத்துத் தருவார். வேறு நாளில் இவர் மிளகாய் தொடமாட்டார், அன்றைக்குக் கிண்ணத்தை நக்கி வைப்பார். ஒத்தைப் பிள்ளையை எதற்குப் பெரியவனே என்று கூப்பிட வேண்டும்? ஒருமுறை கேட்டேன். "வாய் தவறிருச்சு தாயி" என்று சொல்லிவிட்டுச் சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டேன். தோண்டிக் கேட்டால் அந்தச் சிரிக்கிற மனுஷன் வராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை.

நானே அவருக்கு ஏலக்காய் உரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அழைப்பிதழ் வந்தால் நாள் எண்ணினேன். முகம் தெரியாத வீட்டுச் சடங்குக்குக் கூடப் போகலாம் என்று நச்சரித்தேன். புருஷனைக் குடிக்கச் சொல்லி ஆசைப்பட்ட பொம்பளை எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பாவுக்கும் அந்தக் கிணற்றுக் கதை பிடித்துப்போனது. ஒரு பொங்கலுக்கு வத்திராயிருப்பு போயிருந்தபோது இவர் முதலிலிருந்து சொல்லிவந்தார். அப்பா பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு போடக்கூட மறந்து கேட்டார். "ரெண்டாவது தடவை முங்குனேன் மாமா. அடியில ஒரு ஓட்டை. ஊத்துக்கண்ணு. உள்ள என்னதான் இருக்குன்னு நொட்டாங்கையை விட்டேன்..."

"இலை போட்டாச்சு, எந்திரிங்க" என்று அம்மா கூப்பிட்டாள். கதை அதோடு நின்றது. அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அப்பா, "கையை விட்டீகளே மாப்ளே, அப்புறம்?" என்பார். இவர், "அடுத்த தடவை மாமா" என்று சிரித்து நழுவிவிடுவார். ஏழெட்டு வருஷம் அப்படி நழுவினார்.

தொண்ணூற்று மூன்றில் இவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஈரல் கெட்டிருக்கிறது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். இவர் சரி என்றார். குழாயைத் திருகி மூடுவது மாதிரி அவ்வளவு சுலபமாக நிறுத்திவிட்டார். அதோடு வெளியே வருவதையும் நிறுத்தினார். விசேஷங்களுக்கு நான் தனியாகப் போய் வந்தேன்.

பிழைத்தாரே என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷமும் இருந்தது. ஆனால் கொல்லையில் துணி துவைக்கும்போது, செத்துப் போனவருக்கு அழுவது மாதிரி அழுதேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். "பெரியவன் இனிமே வரமாட்டானா தாயி?" என்று கேட்டார். கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்துவிட்டது. அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தொண்ணூற்று ஐந்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாகச் சொல்கிறார், இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று ஆள் வந்து சொன்னார். அன்றைக்குக் காலையில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. துவரம்பருப்பு டின்னுக்குள் ஒரு குவாட்டர் பாட்டிலை இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் ஏலக்காய் இரண்டு வைத்தேன். ஒரே ஒரு தடவைதானே, சாகப்போகிற மனுஷனுக்காகத்தானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்காக என்பது பாதிதான்.

இவர் குளித்துவிட்டு வந்து மேஜையைப் பார்த்தார்.

"அவனைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிற" என்றார். "எனக்குத் தெரியும்."

பாட்டிலை எடுத்து டின்னுக்குள் வைத்துப் பருப்பால் மூடினார். கண்ணாடி முன்னால் போய் வலது கையால் தலை சீவிக்கொண்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் ஏறினோம்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அம்மா இவரைப் பார்த்துத் தயங்கி நின்றாள். பக்கத்தில் வந்ததும், "இன்னைக்கு ஏலக்கா வாசம் இல்லியே" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். இவர் குடித்துவிட்டு வருவது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். "நீ அடுப்படில நின்னு சிரிச்சியே, அதைப் பாத்துட்டுத்தான் வாயை மூடிக்கிட்டேன்" என்றாள்.

இவர் கட்டில் பக்கம் போய் நின்றார். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும்மா இது?"

"உங்க மாப்பிள்ளைப்பா."

"இல்ல. மாப்ளை எங்க? வரலையா?"

பாட்டிலைப் பையில் எடுத்து வந்திருக்கலாமே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். இவர் தரையில் உட்கார்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மோட்டு வளையைப் பார்த்து, "கையை விட்டீகளே மாப்ளே... அப்புறம்?" என்று முனகினார்.

பிறகு இவர் பேசினார். வீட்டுக் குரல்தான், காபி கேட்கிற குரல்தான்.

"நான் படியில உக்காந்திருந்தேன் மாமா. நூறு எண்ணு, எண்ணி முடிக்கதுக்குள்ள வந்திருவேன்னு சொல்லிட்டு அண்ணன் முங்குனான். நான் எண்ணினேன். எனக்கு அப்ப நூறு வரைக்கும்தான் தெரியும். முடிஞ்சதும் திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணினேன். எத்தனை தடவைன்னு தெரியல. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். எனக்குச் சத்தமே வரல. பொழுதுசாய எங்கம்மா தேடி வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன். எடுக்கையில அவன் நொட்டாங்கை ஊத்துக்கண்ணுக்குள்ள மாட்டி இருந்துச்சு."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தலையைத் திருப்பி இவரை நன்றாகப் பார்த்தார். "அப்ப எம் பொண்ணைப் பாக்க வந்தது?"

"அண்ணன்தான் மாமா" என்றார் இவர்.

அப்பா, தன்னைப் பிடித்திருந்த கையின் மேல் மறு கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். நான்காம் நாள் இறந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே, மாற்றுத் துணி எடுத்துவரத் திரும்பியபோது, பஸ்ஸில் எங்கள் சீட்டில் வேறு யாரும் இல்லை. "அடியில இருந்து பாத்தா ரெண்டு காலு தெரிஞ்சதுன்னு சொன்னீங்களே. மேல உக்காந்திருந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றார். உண்மையிலேயே திகைத்துப் போனார். பிறகு குனிந்து, செருப்புக்குள் இருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராஜபாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்றும் கேட்டேன். "அன்னைக்கு எதுக்குக் குடிச்சிட்டு வந்தீங்க, பொண்ணு பாக்க?"

"நாலு பேர் முன்னால எனக்குச் சத்தம் வராது" என்றார். "நானா வந்திருந்தா நீ சரின்னு சொல்லியிருக்க மாட்ட."

இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இத்தனை வருஷம் கஞ்சி வைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவர் அவர். ஒரு நாள் கூட நான் அவரைத் தேடியதில்லை.

பஸ் நின்றது. இவர் முதலில் இறங்கி, திரும்பி, எனக்காகக் கையை நீட்டினார். நான் படியில் நின்றபடி அது எந்தக் கை என்று பார்த்தேன்.

வலது கைதான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.